வாளுக்கு வேண்டுவது மெருகன்று

மஸ்ஜித் இந்தியாவில் மாலை வேளையில் நடப்பவர் கண்ணுக்கு ஒளிக்குப் பஞ்சமே இராது. புடவைக் கடைகளின் சரிகை, நகைக் கடைகளின் பொன், பாத்திரக் கடைகளில் வரிசையாய் நிற்கும் குத்துவிளக்குகளின் பித்தளை என எங்கு நோக்கினும் மினுமினுப்பே. அவ்வொளியை நான் வெறுப்பவன் அல்லேன். தீபாவளிக்கு முந்திய நாள்களில் அத்தெருவில் நெருக்குண்டு நடப்பதை இன்றும் ஓர் இன்பமாகவே கருதுகிறேன். ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன்னர் அத்தெருவை ஒட்டிய சந்தொன்றில் நான் கண்ட ஓர் ஒளி இன்றளவும் என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கிறது. அஃது ஒரு பழைய வாளின்மேல் புதிதாய் ஏற்றப்பட்ட ஒளி.

அவ்வாளை நான் முன்பே அறிவேன். கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பால்மரங்களுக்கு நடுவே இருந்த மதுரைவீரன் கோயிலில், அது சாமியின் பக்கத்தில் சார்த்தி வைக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த முன்னோர் ஒருவர் கொண்டுவந்தது என்று தோட்டத்து முதியோர் சொல்வர். அலகு கருத்திருந்தது, ஆங்காங்கே செந்துரு படிந்திருந்தது. பித்தளைப் பிடியின் இடுக்குகளில் களிம்பும் பல தலைமுறைச் சந்தனமும் குங்குமமும் உறைந்திருந்தன. உறை மரத்தாலானது, மேலே போர்த்திய தோல் வெடித்து, அதன் அடியில் சிவப்புத் துணியின் இழைகள் தெரிந்தன. பிடிக்குச் சற்றுக் கீழே, அலகின் முதுகோரத்தில், உளியால் பொறித்த சில தமிழெழுத்துகள் இருந்தன. ஒரு திருவிழா இரவில், விளக்கொளியில், கடைசி மூன்றெழுத்தை மட்டும் என்னால் படிக்க முடிந்தது. 'ஆசாரி' என்பதே அது. அதற்கு முன்னால் இருந்தது அவ்வாளைச் செய்த கொல்லனின் பெயராக இருத்தல் வேண்டும். பகலில் ஒருநாள் வந்து, தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுக்கலாம் என்று எண்ணினேன். எண்ணினேனே அன்றிச் செய்தேனில்லை. பள்ளி வேலை, வீட்டு வேலை, அடுத்த திருவிழா என்று ஆண்டுகள் ஓடின.

தோட்டம் வீடமைப்புத் திட்டத்திற்குப் போயிற்று. கோயில் இடம்பெயர்ந்தது. புதிய கோயிலின் குடமுழுக்கிற்காக வாளைச் செப்பனிட மஸ்ஜித் இந்தியாவுக்குக் கொண்டுவந்திருந்தனர். நான் தற்செயலாய் அவ்வழி சென்றபோது வேலை முடிந்திருந்தது. கோயிற் பொறுப்பாளராகிய முதியவர், "பாருங்க வாத்தியாரய்யா, புதுசாட்டம் ஆக்கிட்டோம்!" என்று பூரிப்புடன் அதை என்னிடம் நீட்டினார். அமிலத்தில் முக்கி, சுழல்சக்கரத்தில் பிடித்து, வெண்முலாம் பூசப்பெற்ற அலகு கண்ணாடிபோல் மின்னியது. பிடிக்குப் பொன்னிறப் பூச்சு. பழைய உறை குப்பைக்குப் போய்விட்டது. அதன் இடத்தில் வெல்வெட்டுத் துணி போர்த்திய புதிய உறை. எழுத்து இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்றிருந்தது.

அம்முதியவரை நான் குறைகூறேன். அவர் அன்பினால் செய்தார். தம் கைப்பொருளையும் செலவிட்டார். மெருகிட்டவரையும் குறைகூறேன், அவர் கேட்டதைச் செய்து கொடுத்தார். படியெடுக்காமல் காலம் கடத்திய என்னைத்தான் முதலில் குறைகூறல் வேண்டும். அதற்கு அடுத்து, பழமையைப் போற்றுதல் என்றாலே அதற்குப் பளபளப்பு ஏற்றுதல் என்று நம் சமுதாயம் முழுதும் வேரோடிக் கிடக்கும் எண்ணத்தைக் குறைகூறல் வேண்டும். அவ்வெண்ணம் பிழையானது, ஈடுசெய்யவொண்ணாத இழப்பை விளைவிப்பது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஔவை கண்ட படைக்கலங்கள்

புறநானூற்றின் 95-ஆம் பாட்டைக் கற்பியாத தமிழாசிரியர் இலர். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார்க்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அங்கிருந்த கருவிகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, திருத்திய காம்புகளோடு நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மனையில் இருந்தன. அவற்றைக் கண்ட ஔவையார், அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தியதனால் நுனி முறிந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்வதுபோல் பழித்த அந்த நயத்தை நாம் ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்குகிறோம்; தேர்விலும் வினவுகிறோம்.

ஆனால் அப்பாட்டின் உட்பொருளை நாம் வாழ்வில் ஏற்றுக்கொண்டோமா? முறிந்த நுனியும் தேய்ந்த வாயும் குறைகள் அல்ல, அவை வரலாறு என்பதன்றோ ஔவையார் கண்ட உண்மை! ஒரு படைக்கலம் தன் வாழ்வை எழுதிக்கொள்வது தன் உடலின் மேல்தான். வாயிலுள்ள ஒவ்வொரு பள்ளமும் ஒரு மோதலின் சுவடு. பிடியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பின், அதைப் பற்றிய கையின் பழக்கம் அதில் தெரியும். ஒரே வாயில் மீண்டும் மீண்டும் சாணை பிடித்திருப்பின், அது காட்சிக்கு வைத்த வாளன்று, புழங்கிய வாள் என்பது விளங்கும். இவற்றையெல்லாம் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்துவிட்டு மாலை சூட்டுகின்ற நாம், அதியமானின் வேலைத் தொண்டைமானின் வேலாக மாற்றுகிறோம். பாட்டைப் படித்தவர்களே இதனைச் செய்தல் வருந்தத்தக்கது.

உருக்கில் உறையும் எழுத்து

பொறித்த எழுத்து மட்டுமே எழுத்து என்று கருதுதலும் பிழை. பழைய உருக்கு வாள்கள் சிலவற்றின் அலகில் ஓடை நீரின் நெளிவு போன்ற வரிகள் தெரியும். அவை மேலே தீட்டியவை அல்ல. உருக்கின் உள்ளமைப்பே அவ்வாறு வெளிப்படுவது. இரும்பையும் கரிப்பொருளையும் மூடிய மண் குகையில் இட்டு நெடுநேரம் உருக்கி, மெல்ல ஆறவிட்டு எடுத்த உருக்கில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கரிமம் கலந்திருக்கும். அவ்வுருக்குக் கட்டியைப் பதமறிந்த வெப்பத்தில் பொறுமையாகத் தட்டி வாளாக்கினால் அந்நெளிவு பிறக்கும். நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகள் தமிழகத்தின் பழைய உருக்குத் தொழிலுக்குச் சான்று தந்தன. மேலை நாட்டார் இதனை 'வூட்ஸ்' என்றழைத்தனர். 1795-இல் ஜார்ஜ் பியர்சன் என்னும் அறிஞர் இலண்டன் அரச கழகத்தில் இதைப்பற்றி ஆய்வுரை வழங்கினார். கன்னடத்தின் 'உக்கு', தமிழின் 'உருக்கு' ஆகியவற்றின் வழி வந்ததே அச்சொல் என்பது அறிஞர் பலரின் கருத்து. மின்னியலின் தந்தையெனப் போற்றப்படும் மைக்கேல் பாரடேயும் 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவ்வுருக்கின் மறைபொருளை அறிய முயன்றார். 2006-இல் செருமானிய ஆய்வாளர் சிலர் இவ்வகை உருக்கில் அமைந்த பழைய வாளொன்றில் கரிம நுண்குழாய்களைக் கண்டனர்.

இரு நூற்றாண்டுகளாக உலகத்து அறிவியலார் ஆராய்ந்துவரும் அவ்வுருக்கு, நம் தெருவில் ஒரு பிற்பகலில் அழிந்துபோகக்கூடும். சுழல்சக்கரம் அதன் மேற்பரப்பை உராய்ந்து நெளிவை மறைக்கும். அதுவாவது ஓரளவு மீட்கத்தக்கது. உடைந்த பிடியைப் பற்றவைப்பதற்காக அலகைச் செந்தழலாகக் காய்ச்சிவிட்டாலோ, உள்ளமைப்பே கலைந்துபோம். அதன்பின் எந்த வல்லுநராலும் அதனை மீட்கவியலாது. மேலும், சில வாள்களின் பிடியில் பொன்னும் வெள்ளியும் இழைத்த கொடியும் பூவும் காணப்படும். இரும்பின் மேற்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் நுண்கம்பியை வைத்து அடித்து இழைக்கும் வேலை அது. அப்பொன் தாளினும் மெல்லியது. சக்கரம் ஒருமுறை சுழன்றால் பொன் பறந்துவிடும். எஞ்சுவது கீறல் மட்டுமே.

எஞ்சியவை எத்தனை?

"ஒரு வாள் போனால் என்ன, ஆயிரம் வாள் இருக்குமே" என்பார்க்கு ஒரு விடை கூறல் வேண்டும். ஆயிரம் இல்லை. தமிழ்நாட்டில் 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்ததும், ஆங்கிலேயர் தென்பாளையங்களின் படைக்கலங்களைப் பறித்தனர். 1878-இல் இந்தியா முழுமைக்கும் படைக்கலச் சட்டம் வந்தது. தஞ்சையின் கதை இன்னும் கொடிது. 1855-இல் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி மறைந்ததும், அரண்மனையின் படைக்கலக் கொட்டில் கேட்பாரற்றுப் போயிற்று. 1863-ஐ ஒட்டி அங்கிருந்த வாள், கட்டாரி, குத்தீட்டி முதலியவற்றுள் தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்திற்குச் சென்றன. ஏனையவை உடைத்துப் பழைய இரும்பாய் விற்கப்பட்டன. வால்ஹவுஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1878-இல் 'இந்தியன் ஆண்டிகுவரி' இதழில் இந்தக் கொட்டிலைப் பற்றி எழுதியுள்ளார்.

தஞ்சையின் வாள்கள் பழைய இரும்பாகிய அதே காலத்தில்தான், 1863-இல், நம் மஸ்ஜித் இந்தியாத் தெருவுக்குப் பெயர் தந்த பள்ளிவாசல் முதன்முதலில் எழுந்ததாகச் சொல்வர். இவ்விரண்டிற்கும் தொடர்பில்லை. ஆயினும் ஒன்று எண்ணத்தக்கது. அங்கே ஒரு மரபு உடைந்த காலத்தில் இங்கே நம் முன்னோர் வேரூன்றிக்கொண்டிருந்தனர். அவர்கள் கொண்டுவந்த பெட்டிகளில் இரும்புக்கு இடம் மிகச் சிறிது. அச்சிறிதளவும் பின்னர்த் தோட்டத் துண்டாடலிலும், தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாகிய காலத்திலும் சிதறிற்று. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறியபோது, துருப்பிடித்த அரிவாளையும் வாளையும் யார் பொருட்படுத்துவர்? பிழைத்த சிலவேனும் நம் அன்பினால் அழியாதிருக்க வேண்டாவா?

2025 சனவரியில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை, சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கிறித்துவுக்கு முந்திய நான்காம் ஆயிரத்தாண்டு என்று அறிவித்தபோது நாம் எத்துணை பெருமிதம் கொண்டோம்! அவ்விரும்பு பளபளத்ததா? இல்லை. துருவேறி, மண்ணொட்டி, உருத்தெரியாது கிடந்தது. அதனருகே கிடந்த கரியும் மட்கலமும் கலையாமல் கிடைத்ததனால்தான் காலத்தைக் கணிக்க முடிந்தது. ஐயாயிரம் ஆண்டுத் துருவைக் கண்டு நெஞ்சு நிமிர்த்தும் நாம், இருநூறு ஆண்டுத் துருவைக் கண்டு முகம் சுளிப்பது எவ்வகை அறம்?

பதிப்பாசிரியர் காட்டும் நெறி

தமிழ் கற்றோர்க்கு இந்நெறி புதிதன்று. 1894-இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தார். செல்லரித்த ஏடுகளில் சில பாடல்களின் அடிகள் சிதைந்திருந்தன; 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவே இல்லை. யாப்பறிந்த அப்பெரும்புலவர் நினைத்திருந்தால் அவ்விடைவெளிகளைத் தம் சொற்களால் நிரப்பியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. சிதைந்த இடத்தில் புள்ளியிட்டார். இல்லாததை இல்லையென்றே காட்டினார். அப்புள்ளிகளே நமக்கு அவர்மீது நம்பிக்கையைத் தருகின்றன. புள்ளியிட்ட இடத்தில் அவர் புதுப்பாட்டு எழுதியிருந்தால், எது சங்கப் பாட்டு, எது சாமிநாதையர் பாட்டு என்று இன்று நாம் தடுமாறியிருப்போம்.

பழைய வாளைச் செப்பனிடுவோரும் பதிப்பாசிரியராக இருத்தல் வேண்டும். புதுப்பாட்டுப் புனைவோராக இருத்தலாகாது. இதுவே என் வாதத்தின் உயிர்நிலை. மேலும் அழியாமல் நிறுத்துவது அவர் கடமை; அழிந்ததை அழியாததுபோல் காட்டுவது அவர் வேலையன்று. இவ்வேறுபாட்டை நம்மவர் அறியாதவரும் அல்லர். சென்னை அருங்காட்சியகத்தில் 1930-இலேயே வேதியியல் காப்புப்பணி தொடங்கிற்று. எஸ். பரமசிவன் என்னும் வேதியியலறிஞர், களிம்பேறிச் சிதைந்துகொண்டிருந்த செப்புத் திருமேனிகளை, அவற்றின் நுண்வேலை கெடாதவாறு மின்பகுப்பு முறையால் காத்தார். புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது எளிது. அவர் அந்த எளிய வழியை நாடவில்லை.

புளி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் மயக்கத்தின் வேர் நம் அடுக்களையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளியிட்டு விளக்கிய தாய்மாரின் மக்கள் நாம். மின்னுவது தூய்மை, கருத்தது அழுக்கு என்பது நம் குருதியில் ஊறியது. விளக்குக்கு அது பொருந்தும். நாள்தோறும் புழங்குவது நாள்தோறும் துலங்கவேண்டும். ஆனால் வாள் புழங்கிய காலம் போயிற்று. இனி அது புழங்குபொருளன்று, சான்று. சான்றை விளக்குதல் சான்றை அழித்தலே.

அங்ஙனமாயின் என்செய்வது? முதலாவது பதிவு. கை வைக்குமுன் இருபுறமும் நிழற்படம் எடுத்தல் வேண்டும்; நீளமும் எடையும் குறித்தல் வேண்டும்; எழுத்தோ முத்திரையோ இருப்பின் படியெடுத்தல் வேண்டும். இரண்டாவது, துருவையும் துருவையும் பிரித்தறிதல். செம்மஞ்சளாய், பொடிபொடியாய் உதிர்வது உயிருள்ள துரு. இரும்பைத் தின்றுகொண்டிருப்பது அதுவே. கருமையாய், இறுகி, வழுவழுப்பாய்ப் படிந்தது பழைய இரும்பின் தோல். அஃது இரும்புக்குக் காப்பு. முன்னதை அகற்றலாம், பின்னதைத் தொடலாகாது. மூன்றாவது, மென்மை. மெல்லிய இயந்திர எண்ணெயைத் தடவிச் சில நாள் ஊறவிட்டு, மூங்கிற் சிராயாலோ எலும்புத் துண்டாலோ சிறிது சிறிதாகச் சுரண்டுதல் வேண்டும். இரும்புத் தூரிகை, உப்புத்தாள், சுழல்சக்கரம் ஆகியவை வேண்டா. உப்பமிலம் அறவே கூடாது. அமிலத்தின் குளோரைடு இரும்பின் நுண்துளைகளில் தங்கி, சில திங்களில் உள்ளிருந்தே துருவைக் கிளப்பும். மேலே பூசிய வெண்முலாம் அப்போது செதில் செதிலாக உரியும். நான்காவது, காப்பு. நன்கு உலர்த்தியபின் மெல்லிய எண்ணெயோ நுண்படிக மெழுகோ பூசலாம். அவ்வகை மெழுகை 1950களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தன் காப்புப்பணிக்கென உருவாக்கியது. வேண்டும்போது அதனைக் கரைத்து நீக்கிவிடலாம். பின்வருவோர் நீக்கத்தக்கதையே சேர்த்தல் வேண்டும் என்பது இத்துறையின் முதல் விதி.

பிடியும் உறையும் இன்னும் கவனத்திற்குரியவை. பழைய இந்திய வாள்கள் பலவற்றில் அலகின் வால்பகுதியைப் பிடிக்குள் செருகி அரக்கால் இறுக்கியிருப்பர். பிடி ஆடினால் இக்காலப் பசையைக் கொட்டி அடைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அப்பசை பிறகு பிரியாது. பிரிக்க முயன்றால் பிடி வெடிக்கும். அரக்கோ இளஞ்சூட்டில் இளகும், ஆறியதும் இறுகும். நம் கொல்லர் அறிந்துதான் அதனைத் தேர்ந்தனர். உறையின் தோல் வெடித்திருந்தாலும், துணி இழையிழையாய்ப் போயிருந்தாலும், அவற்றைக் களைதல் தகாது. அந்த இழையே அக்காலச் சாயத்திற்கும் நெசவுக்கும் சான்று. உறையும் வாளும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்று அலகை உறைக்குள் இட்டு வைப்பதும் தவறு. கோலாலம்பூரின் காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ நூற்றுக்கு 80. பதனிட்ட தோல் அவ்வீரத்தை உறிஞ்சி, தன்னிடமுள்ள புளிப்பையும் சேர்த்து அலகுக்கு ஊட்டும். இரண்டையும் ஒரே பெட்டியில், ஆனால் தனித்தனியே, வைத்தலே முறை. இறுதியாக, வெறுங்கையால் அலகைத் தொடுதல் வேண்டா. வியர்வையின் உப்பு விரற்குறியைத் துருவாகவே பதித்துவிடும்.

எழக்கூடிய மறுப்புகள்

"இஃது அருங்காட்சியகப் பொருளன்று, சாமி வாள். பின்னமானதைச் சாமிக்கு முன் வைக்கலாகாது" என்பர் சிலர். இம்மறுப்பை நான் எள்ளி நகையாடேன்; அதன்பின் நிற்கும் பக்தி மெய்யானது. ஆயினும் விடை எளிது. வழிபாட்டிற்குப் புதிய வாள் ஒன்று செய்து வையுங்கள். நம் கொல்லரும் பிழைப்பர். பழைய வாளை அதே கோயிலில் கண்ணாடிப் பேழையில் வைத்து, எந்தத் தோட்டத்திலிருந்து எந்த ஆண்டில் வந்தது என்று எழுதி வையுங்கள். குடமுழுக்குக்கு வரும் இளைஞர் அதன் முன்னும் ஒருகணம் நிற்பர். பழைய கோயில்களைத் தூய்மைப்படுத்துவதாகக் கூறி மணல் வீச்சால் சுவர்களைத் தாக்கியபோது, தமிழ்நாட்டில் கல்வெட்டுகள் மழுங்கிய வரலாற்றை நாம் அறிவோம். திருப்பணி என்னும் பெயரால் நேர்ந்தாலும் அழிவு அழிவே.

"மலாய்க்காரர் கெரிஸை எலுமிச்சைச் சாற்றால் நீராட்டுகின்றனரே, அதுவும் அமிலந்தானே?" என்று கேட்போர் உளர். நல்ல கேள்வி. கெரிஸ் நீராட்டு என்பது மரபறிந்தோர் கையால் நிகழ்வது. அலகின் கோலத்தை வெளிக்கொணர்வது அதன் நோக்கம், மறைப்பதன்று. அதிலும் தலைமுறை தலைமுறையாய் நீராட்டப்பெற்ற அலகுகள் மெலிந்து போவதுண்டு. ஆதலின் அறிந்தோர் அதனை அளவோடே செய்வர். நாம் அவர்களிடம் கற்கவேண்டியது எலுமிச்சையை அன்று, மரியாதையை. 2005-இல் இந்தோனேசியக் கெரிஸை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. பேராக் அரசின் மரபுச் சின்னங்களுள் தாமிங் சாரி என்னும் கெரிஸ் போற்றிக் காக்கப்படுகிறது. கெரிஸின் ஒவ்வோர் உறுப்புக்கும் மலாய்மொழியில் இன்றும் பெயர் வழங்குகிறது. அலகுக்கு 'மாத்தா', பிடிக்கு 'உலு', உறைக்கு 'சாரோங்', உறையின் மேற்பகுதிக்கு 'சம்பிர்'. நம் மாணவர் எத்தனை பேருக்கு அலகு, வாய், சாணை, அரக்கு என்னும் சொற்கள் தெரியும்? பொருளைக் கைவிட்ட இடத்தில் சொல்லும் நம்மைக் கைவிட்டது.

"மெருகிட்டால்தான் விலை போகும்" என்பது வணிகர் கூற்று. அதுவும் உண்மையன்று. அறிந்து வாங்குவோர், சக்கரம் பட்ட வாளுக்கு விலை குறைப்பரே அன்றிக் கூட்டுவதில்லை. ஒரு வாளின் அலகையும் மற்றொன்றின் பிடியையும் இணைத்துப் 'பழைய வாள்' என்று விற்போரும் உளர். அது செப்பனிடுதல் அன்று, ஏமாற்று. தமிழ்நாட்டிலிருந்து பழைய வாளை வாங்கி வரலாம் என்று எண்ணுவோர் ஒன்றை நினைவிற்கொள்க: 1972-இல் இயற்றப்பெற்ற இந்தியத் தொல்பொருள் சட்டம் அவ்வகைப் பழம்பொருளைத் தனியார் நாடு கடத்திக் கொணர்வதைத் தடை செய்கிறது. இங்கே நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை அறிந்து நடத்தலும் காப்புப்பணியின் ஒரு பகுதியே.

ஆசிரியர் செய்யத்தக்கது

இறுதியாக ஒரு வினா எழும். "இரும்புக்கும் தமிழாசிரியர்க்கும் என்ன தொடர்பு?" தொல்காப்பியப் புறத்திணையியலில் பாடாண்துறைகளுள் ஒன்றாக 'வாள்மங்கலம்' எண்ணப்பட்டிருக்கிறதே, அதனைக் கற்பிப்பவர் யார்? வாளுக்கு மங்கலம் கூறிய இனம் நம்முடையது. வாளைக் கண்ணால் காணாத மாணவனுக்கு அத்துறையை எங்ஙனம் விளக்குவோம்?

ஆசிரியப் பெருமக்களே! உங்கள் பள்ளியைச் சூழ்ந்துள்ள கோயில்களில், மாணவரின் பாட்டன் வீட்டுப் பரணில், பழைய இரும்பு ஏதேனும் இருக்கக்கூடும். வாளாக இருக்கலாம், பால்வெட்டுக் கத்தியாகவும் இருக்கலாம். அதனைப் படம் எடுத்து, அளந்து, அதைப்பற்றி வீட்டு முதியோர் சொல்வதை எழுதிவரச் சொல்லுங்கள். அதுவே அம்மாணவனின் கட்டுரைப் பயிற்சியாகட்டும். மஸ்ஜித் இந்தியாவிலிருந்து தொலைவில்லாத இடத்திலேயே 1963-இல் திறக்கப்பெற்ற தேசிய அருங்காட்சியகமும், 1998-இல் திறக்கப்பெற்ற இசுலாமியக் கலை அருங்காட்சியகமும் இருக்கின்றன. மாணவரை அழைத்துச் செல்லுங்கள். காக்கப்பட்ட அலகு எப்படி இருக்கும் என்பதை அவர்கள் கண்ணால் காணட்டும். அது கண்ணாடிபோல் மின்னாது. கருமையில் ஓர் அமைதியான ஒளி அதற்கு உண்டு. அவ்வொளியை ஒருமுறை கண்டவன் சக்கரத்தின் ஒளிக்கு மயங்கான்.

மாணவச் செல்வங்களே! உங்கள் ஆசிரியன் ஒருவன் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். படிக்க முடிந்த எழுத்தை அன்றே எழுதி வையுங்கள். நாளை என்பது தோட்டத்திற்கும் உறுதியன்று, கோயிலுக்கும் உறுதியன்று, இரும்புக்கும் உறுதியன்று.

அவ்வாள் இன்றும் அப்புதிய கோயிலில் மின்னிக்கொண்டிருக்கிறது. சென்ற திருவிழாவில் அம்முதியவரிடம் நடந்ததை எடுத்துச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், பின்னர், "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, வாத்தியாரய்யா" என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை. இருவரும் அமர்ந்து, வாளைப் பற்றி அவர் கேட்டறிந்த செய்திகளையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதினோம். எழுத்து இருந்த இடத்தையும் வரைந்து காட்டினேன். கொல்லன் பெயர் வரவேண்டிய இடத்தில் புள்ளியிட்டேன்; அதன் பின் 'ஆசாரி' என்று எழுதினேன். அப்புள்ளிகளை நிரப்ப இனி எவராலும் இயலாது. ஆனால் இன்னும் எத்தனையோ அலகுகளில் எத்தனையோ பெயர்கள் துருவுக்கடியில் காத்திருக்கக்கூடும். அவற்றைச் சக்கரத்திற்கு முன் நாம் சென்று சேர்வோமாக!